புள்ளி நான்கு மூன்று

இது மூன்றாவது பேட்டரி.
செம்மண்டலம் கடைக்காரர் வாரண்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பேட்டரியில ஒண்ணுமில்ல சார், வண்டிதான் குடிக்குது."
யாரோ ஒரு மைத்துனனைப் பற்றிச் சொல்வதுபோல.

வாரம் முழுக்க நிற்கிற வண்டி.
எனக்குச் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்,
ரெஜினாவுக்கு மஞ்சக்குப்பம் நடக்கிற தூரம்.
ஞாயிறு பூசைக்குக் கிளம்பிச் சாவியைத் திருப்பினால்
உள்ளே ஒரு பல்லி, டிக் டிக்.
எதிர்வீட்டு ஜபருல்லா கைலியை மடித்துக் கட்டித் தள்ளுவார்.
எட்டு ஞாயிறு தள்ளினார்.
ஒன்பதாவது ஞாயிறு அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

முந்நூற்றைம்பது ரூபாய்க்கு மீட்டர் வாங்கினேன்.
நெகட்டிவ் வயரைக் கழற்றி
வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே அதை உட்காரவைத்தேன்,
டோல்கேட்டில் ஆள் போடுவதுபோல.
எது போனாலும் உன்னைத் தாண்டித்தான் போகணும்.

முதல் அரைமணி எந்த எண்ணையும் நம்பக் கூடாது.
வண்டி தூங்க வேண்டும்.
பூட்டியபிறகும் அதன் மூளை கொஞ்சநேரம் புரண்டு படுக்கும்.
வாசல்படியில் ரெஜினா நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளினாள்.
ஜெனிட்டா டார்ச்சைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தாள்.
தேவனாம்பட்டினம் பக்கமிருந்து காற்று.
ஒரு வண்டி தூங்குவதற்காக
மூன்று பேர் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

தூங்கியது. எண் இறங்கவில்லை.
பூஜ்யம் புள்ளி நான்கு மூன்று.
பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம்.
முப்பத்தைந்தை அதால் வகுத்தேன்: எண்பத்தொரு மணி நேரம்.
ஞாயிறு மதியம் நிறுத்தினால் புதன் ராத்திரியோடு சரி.

ஜன்னல் வழியே கைவிட்டு
ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
ஹார்ன். "அதே."
வைப்பர். "அதேதான்ப்பா."
ஏசி. அதே.
நீலநிறத்தில் ஒன்று, வரமாட்டேன் என்று அடம்பிடித்து வந்தது.
"அப்பா, எறங்கிடுச்சு!"

மூடியின் உட்புறப் படத்தில் அந்த ஃப்யூஸின் குடும்பம்:
ரேடியோ, கடிகாரம், உள்விளக்கு, டிக்கி விளக்கு.
ரேடியோ ஊமையாகி வருஷமாகிறது.
உள்விளக்கு அணைந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது.
கடிகாரம் என்ன குடித்துவிடும்.
டிக்கி.
திறந்தால் எரிகிறது, திறந்ததால்.
மூடினால் அணையும் என்று சொல்கிறார்கள்,
உள்ளே போய்ப் பார்த்தவர் யார்.

"போனை உள்ள வெச்சு வீடியோ எடுக்கலாம்ப்பா."
எட்டாம் வகுப்பு மூளை.
வேண்டாம் என்று வாயெடுத்தேன்.
காரணம் வரவில்லை.
ரெஜினா கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தன் போனை நீட்டினாள்.

ஒரு நிமிடம் மூடிவைத்தோம்.
பிறகு ஒரு திரைமேல் மூன்று தலைகள்.
மூடி இறங்குகிறது, டப் என்கிறது,
இருட்டு வரவில்லை.
மஞ்சள் வெளிச்சத்தில் ஜாக்கி, ஒற்றைச் செருப்பு,
சில்வர் பீச் மணல்,
ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து பாதி நீட்டிக்கொண்டு
ஒரு பழுப்புக் கவர்.
கம்பெனி முத்திரை படிக்கிற அளவுக்குத் தெளிவு.

"ஸ்விட்சோட முனைய உப்புக்காத்து தின்னுடுச்சு,
மூடி அதைத் தொடவே இல்ல, அதான்..."
நான் பேசிக்கொண்டே போனேன்.

ரெஜினா வீடியோவைப் பின்னால் ஓட்டினாள்.
நிறுத்தினாள்.
இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.
"எத்தனை நாளா?"

விளக்கு இரண்டு மாதமாக எரிகிறது.
"பதினோரு நாளா" என்றேன்.

"எங்க?"
"தாஹேஜ். குஜராத்து."
"எப்ப சேரணும்?"
"ஒண்ணாந்தேதி."

கவரை இழுத்தெடுத்து மணலைத் தட்டினாள்.
பிரிக்கவில்லை.
கருவாட்டு விரல்கள், ஓரங்களை மட்டும் பிடித்திருந்தாள்.
இருட்டென்று நம்பித்தான் அங்கே வைத்தேன்.
அதைச் சொல்லவில்லை.

ஃப்யூஸைத் திரும்பச் சொருகினேன்.
டிக்கியில் குனிந்து பல்பைக் கழற்றினேன்.
விரல் சுட்டது.
முன்பக்கம் ஜெனிட்டா எங்களைப் பார்க்காமல்
மீட்டரை மட்டும் பார்த்து நின்றாள்.
"எவ்வளவு காட்டுது?"
"சீரோ பாயிண்ட் சீரோ ரெண்டு."
கொஞ்சம் கழித்து,
"மிச்சம் இது எதுக்குப்பா?"

"கடிகாரத்துக்கு."